குளோரினை எப்போது போடுவது?

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதே, குடித்தால் புற்றுநோய் வருமாமே என்று கேட்பவர்களிடம் முதலில் கையிலிருக்கும் டீயைத்தான் காட்டுவேன். இலை ஊறினால் சாறு இறங்கும். உதிர்ந்த இலையும் மக்கிய புல்லும் ஊறுகிற ஆற்றிலும் ஏரியிலும் நடப்பது அதுதான். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அந்தச் சாற்றையும் விட்டுவைப்பதில்லை. இரண்டும் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. அவற்றில் நமக்குப் பெயர் தெரிந்தது குளோரோஃபார்ம். ஆம், பழைய மயக்க மருந்தேதான்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் வேதியியலாளராக இருந்த யோஹானஸ் ரூக். முன்பு பியர் தொழிலில் இருந்தவர். புட்டிக்குள் திரவத்தின் மேல் நிற்கும் காற்றை எடுத்துச் சோதிப்பது அங்கே பழகிய முறை. அதையே தண்ணீருக்கும் செய்து பார்த்தார். குளோரின் போட்ட பிறகுதான் குளோரோஃபார்ம் ஏறுகிறது என்பது தெரிந்தது. 1974இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். 1979இல் அமெரிக்கா டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. பிற்பாடு அது 80 ஆனது.

அப்படியானால் குளோரினை விட்டுவிடலாமா? கூடாது. காலரா சில நாளில் ஆளைக் கொல்லும். இந்தச் சேர்மங்களைப் பற்றிய கவலையோ பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பதைப் பற்றியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள்.

மருந்தை மாற்றினால் போதும் என்று நினைப்பதிலும் ஆபத்து உண்டு. இந்தச் சேர்மங்களைக் குறைக்கத்தான் வாஷிங்டன் நகரில் 2000ஆம் ஆண்டு குளோரினுக்குப் பதில் குளோரமைனுக்கு மாறினார்கள். அவை குறைந்தன. ஆனால் ஈயக் குழாய்களின் உட்புறத்தில் குளோரின் இருந்தவரை கெட்டியாக நின்ற ஈயப் படிவு கரைந்து வீடுகளுக்குள் வந்தது. விஷயம் ஊருக்குப் பரவலாகத் தெரிந்தது 2004இல். பிறகு பாஸ்பேட் சேர்த்து அடக்கினார்கள்.

என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் படிகாரம் போட்டு இலைச்சாற்றை முடிந்தவரை படியவைத்து வடிகட்ட வேண்டும். குளோரின் அதற்குப் பிறகு. கலங்கிய தண்ணீரில் முதலிலேயே குளோரினைக் கொட்டினால், வினைபுரியச் சாறும் நிறைய, நேரமும் நிறைய. வெயில் காலத்தில் வினை இன்னும் வேகமாக நடக்கும்.

வீட்டில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் குளோரோஃபார்ம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். கூடவே உண்டாகும் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் அப்படி ஆவியாகிப் போவதில்லை. அவற்றை முதலிலேயே குறைக்கும் வேலை சுத்திகரிப்பு நிலையத்தினுடையது.