வடகரைத் தொழில்கள் – 9: கண்ணாடி நூலும் கைப்பழக்கமும்

1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றியதால் உண்டான காலடிப்பேட்டையில் இப்போது மெட்ரோ ரயில் நின்று செல்கிறது. அதற்கு வடக்கே எழுந்த என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., அசோக் லேலண்டு ஆலைகள் இப்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இரும்பையும் ரப்பரையும் பழக்கிக் கொடுத்திருக்கின்றன. இனி ஒளியையும் பழக்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் பட்டப்படிப்பு முடியும்வரை காத்திராமல், வீட்டருகே அமையும் ஒரு சமுதாயக் கல்லூரியிலேயே கொடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

லேசர் விஞ்ஞானம் நம் தேசத்துக்குப் புதிதன்று. 1960 மே மாதத்தில் அமெரிக்காவில் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கே ஆண்டுகளில், 1964-இல், டிராம்பே அணுசக்தி ஸ்தாபனத்தார் தாமே ஒரு குறைகடத்தி லேசரைச் செய்து காட்டினார்கள். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலும் கொச்சியிலும் இத்துறைக்கு முதுநிலைப் படிப்புகள் ஏற்பட்டன. உயர்கல்வி இவ்வாறு தழைத்திருக்க, கருவியை அன்றாடம் கையில் பிடிக்கப் போகிறவனுக்கு உரிய படிப்பு அதற்கு ஈடாக வளரவில்லையே என்பதுதான் என் மனக்குறை. பள்ளியோடு படிப்பு நின்றவர்களுக்கும் கைத்தொழிலோடு கல்வியைத் தரும் சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு 1995-இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டிலேயே சென்னையிலும் வந்துவிட்டது. அமெரிக்காவில், கோடாக்கும் பாஷ் அண்டு லாம்பும் வளர்ந்த ராச்செஸ்டர் நகரத்திலே, மன்ரோ சமுதாயக் கல்லூரி லென்சு தேய்க்கவும் ஒளிக்கருவிகளை நேர்படுத்தவும் தெரிந்த டெக்னீஷியன்களை அவ்வூர்த் தொழிற்சாலைகளுக்காகவே பயிற்றுவிக்கிறது.

என்ன கற்பிப்பது என்று கேட்போருக்கு ஃபைபர் ஒட்டுவதையே முதலில் சொல்வேன். மேலுறையை ஸ்ட்ரிப்பரால் உரித்தால் வெளிப்படும் கண்ணாடி நூலின் குறுக்களவு 125 மைக்ரான். அதன் நடுவே ஒளி ஓடும் பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரே வீச்சில் துடைத்து, கிளீவரில் வைத்து, முனை சாய்வின்றி ஒடியும்படி வெட்டி, வெட்டிய முனை எதன்மேலும் படாமல் ஸ்பிளைசிங் மெஷினில் கிடத்த வேண்டும். திரையிலே இரு முனைகளும் பெரிதாகத் தெரியும். ஒன்று சற்றே சாய்ந்தோ தூசி ஒட்டியோ இருந்தால் மறுபடி உரித்தலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான். சரியாக அமைந்தால் மின்பொறி ஒன்று பாய்ந்து இரண்டையும் உருக்கி ஒன்றாக்குகிறது. நல்ல ஒட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. மெஷின் எவ்வளவு உயர்ந்ததாயினும், துடைப்பும் வெட்டும் மனுஷ்ய விரல்களின் சிரத்தையைப் பொறுத்தவையே. வெட்டி விழும் கண்ணாடித் துணுக்கு தோலில் ஏறினால் கண்ணுக்கும் அகப்படாது; ஆகையால் ஒவ்வொன்றையும் மூடியுள்ள டப்பியில் சேர்ப்பதையும், ஒளி தெரியவில்லையே என்று நூலின் முனையை உற்றுப் பார்க்காதிருப்பதையும் முதல் நாளே பழக்க வேண்டும்; 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாதே தவிர, கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது.

2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அத்தகைய வழியில் நூல் எங்கே அறுந்தது என்பதைக் கரையிலிருந்தே ஓடிடிஆர் என்னும் கருவி காட்டுகிறது: அனுப்பிய ஒளித்துடிப்பிலிருந்து சிதறித் திரும்பும் ஒளி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதே கணக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலைக் கொண்டோ, நூல் நெடுகிலும் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று அளக்கிறார்கள். மின்கேபிளும் எண்ணெய்க் குழாயும் நிறைந்த எண்ணூர்ப் பக்கத்துக்கு இதைவிடப் பிரயோஜனமான பாடம் எது?

கற்பிக்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். பள்ளம் தோண்டிய தெருவோரத்தில், குடை நிழலில், வருஷக்கணக்காக இந்நூலை ஒட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டம் இல்லை என்று அவர்களை வாசலில் நிறுத்தும் விதி இருக்குமானால், கல்லூரி திறக்கும் முன்பே அதைத் திருத்த வேண்டும்.