கைத்திறன் நினைவும் மூளையும்: விருத்தாசலம் பீங்கான் தொழிலை முன்வைத்து

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள், களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து உருவாக்கப்படுகின்றன. முழுதும் உலராத பொம்மையின் பிசிறைச் சீவும் கைக்குப் பெருமூளையின் இயக்கப் புறணி ஆணையிடுகிறது; சிறுமூளை அசைவின் பிழையைத் திருத்துகிறது; அடித்தள நரம்பு முடிச்சுகள் பழகிய அசைவுகளைக் கோவையாக்குகின்றன. நிகழ்வுகளை நினைவில் பதிப்பதில் ஹிப்போகாம்பஸ் முதன்மையானது.

1953இல் அறுவை சிகிச்சையால் இருபுற ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்த ஹென்றி மொலைசன், கண்ணாடிப் பிம்பத்தைப் பார்த்து வரையும் பயிற்சியில் நாள்தோறும் தேறினார். முந்தைய நாள் பயின்றதோ அவர் நினைவில் இல்லை. பிரெண்டா மில்னரின் இக்கண்டறிதலால், கைத்திறன் நினைவும் நிகழ்வு நினைவும் வெவ்வேறு என்பது பெறப்படுகிறது.

எனவே, தொழிலாளரின் வாய்மொழியை மட்டும் தொகுக்கும் கள ஆய்வு, திறனின் ஒரு பகுதியையே காக்கும். கையசைவும் காட்சியாகப் பதிவுசெய்யப்பட வேண்டும்.