வறட்சியும் விதையின் பரம்பரையும்

குளம் நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கடலையோ பயறோ என்று வானத்தைப் பார்த்தே வெள்ளாமையை நிச்சயித்து வந்த கீரனூர்ச் சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு, மழை தவறினால் செடி என்ன செய்யும் என்பதை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. அது இலையைச் சுருட்டிக்கொள்ளும். வேரை ஆழச் செலுத்தும். சில வேளைகளில் முந்திப் பூத்தும் விடும். இவையெல்லாம் ஒரு செடி தன் ஆயுளுக்குள் செய்துகொள்ளும் சமாளிப்புகள். சந்ததியின் சுபாவமே மாறுவது வேறு காரியம். அதையே பரிணாமம் என்கிறோம்.

ஒரே கொல்லையில் முளைத்த ஒரே ஜாதிச் செடிகளிலும், ஜீன்களின் வேற்றுமையால் சில முந்திப் பூக்கும், சில பிந்தும். மழை சீக்கிரம் நின்றுபோகும் வருஷங்களில், பிந்தியவை விதை முற்றுமுன்னரே கருகிவிட, முந்தியவையே அடுத்த தலைமுறைக்கு விதை சொரிகின்றன. இவ்வாறு சில வருஷங்கள் தொடர்ந்தால், தனிச் செடி எதுவும் மாறாமலே செடிக்கூட்டம் மாறிவிடுகிறது.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் கலிபோர்னியாவில் கிடைத்தது. அங்கே காடாக வளரும் ஒருவகைக் கடுகின் விதைகள் 1997இல் சேகரிக்கப்பட்டிருந்தன. 2000 முதல் 2004 வரை நீடித்த வறட்சிக்குப் பின் அதே இடங்களில் எடுத்த விதைகளையும் அவற்றையும், ஸ்டீவன் பிராங்ஸ், ஷீனா சிம், ஆர்தர் வைஸ் என்னும் விஞ்ஞானிகள் ஒரே சூழ்நிலையில் வளர்த்துப் பார்த்தபோது, பின்தோன்றிய சந்ததி ஓரிடத்தில் ஏறக்குறைய 2 நாளும், மற்றோரிடத்தில் 8½ நாளும் முந்திப் பூத்தது. பழைய சந்ததியையும் புதியதையும் இணைத்துப் பெற்ற கலப்புச் செடிகளோ இடைப்பட்ட நாளில் பூத்தன. மண்ணும் நீரும் ஒன்றாயிருக்கவும் பூப்பு வேறுபட்டதால், மாறியது பரம்பரைக் குணமே என்பது 2007இல் வெளியான அவர்கள் ஆய்வில் ருசுவாயிற்று.

ஆயினும், ஓராண்டுச் செடிக்கு வாய்த்த இந்த வேகம், முதற் பாளை விடவே பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் பனைக்கு வாய்ப்பதில்லை. மேலும், வறட்சி புதுக் குணம் எதையும் சிருஷ்டிப்பதில்லை. இருப்பவற்றுள் ஒன்றைப் பொறுக்குகிறது, அவ்வளவே. வேற்றுமையற்ற ஒரே ரகம் ஊரெங்கும் விதைக்கப்பட்டிருந்தால், பொறுக்குவதற்கு அங்கே என்ன இருக்கும்? கீரனூர் இருக்கும் மாவட்டத்திலேயே வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தார் புதிய உளுந்து ரகம் காண்பதற்கும் பலவிதக் குணங்களின் கையிருப்பு வேண்டும். வறட்சியையும் உப்பையும் தாங்கும் குழியடிச்சான் போன்ற நாட்டு நெல் ரகங்களின் மதிப்பும் இதில்தான் இருக்கிறது. பத்திரப்படுத்திய விதை நேற்றைய நிலைக்குச் சாட்சி சொல்லும்; நாளைய மழைக்கு ஏற்பப் பரம்பரை மாறவேண்டுமானால், பல ரகங்களும் ஆண்டுதோறும் வயலில் விதைக்கப்பட்டு வரவேண்டும்.