ஒன்பது நாளும் ஒன்பது நிறம்!

மும்பையில் நவராத்திரி வந்துவிட்டதா என்று அறிய காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு ஏதாவது ஒரு புறநகர் ரெயில் நிலையத்துக்குப் போனால் போதும். பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், பிளாட்பாரம் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும்.

ஒரு நாள் எல்லோரும் மஞ்சள். மறுநாள் எல்லோரும் பச்சை. அதற்கு மறுநாள் எல்லோரும் சாம்பல்.

யாரும் உத்தரவு போடவில்லை. சீருடையும் இல்லை. ஆனாலும் வங்கி அதிகாரி, டைப் அடிக்கும் பெண், நர்ஸ், கடையில் நிற்கும் விற்பனைப் பெண், தெருக் கூட்டும் தொழிலாளி என்று எல்லோரும் அன்றைய நிறத்தில் வந்து நிற்கிறார்கள். கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத், விரார் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சிதான்.

அந்தக் கூட்டத்தில் நம் தமிழ்ப் பெண்களும் ஏராளம். வீட்டில் கொலுப் படிக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு, சுண்டலுக்குக் கடலையை ஊறப்போட்டுவிட்டு, அன்றைய நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு ரெயிலைப் பிடிக்க ஓடி வருகிறார்கள்.

சாஸ்திரம் சொன்னதா?

"இந்த நாளில் இந்த நிறம் உடுத்த வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் கேட்பது உண்டு.

இது சாஸ்திரத்தில் இருந்து வந்த வழக்கம் அல்ல. பத்திரிகையில் இருந்து வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சில வருடங்களில், 'மகாராஷ்டிர டைம்ஸ்' என்ற மராத்தி நாளிதழ் நவராத்திரிக்கு நாளுக்கு ஒரு நிறம் என்று பட்டியல் போட்டது. அந்த நிறத்தில் உடுத்தி, கூட்டமாகப் படம் எடுத்து அனுப்பினால் பத்திரிகையில் வெளியிடுவோம் என்றது.

அவ்வளவுதான். அலுவலகம் அலுவலகமாகப் படங்கள் குவிந்தன. வாழ்நாளில் பத்திரிகையில் படம் வந்திராத பெண்கள் தங்கள் முகத்தை அச்சில் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டினார்கள். ஊருக்கு வெட்டி அனுப்பினார்கள். பிறகு மற்றப் பத்திரிகைகளும் பட்டியல் போட்டன. கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று அது செல்போனில் ஊர் ஊராகப் போய்விட்டது. தமிழ்நாட்டிலும் பலர் இதைப் பின்பற்றுகிறார்கள்.

பட்டியலில் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் கிழமையை வைத்தே நிறம் வருகிறது. ஞாயிறுக்கு ஆரஞ்சு. திங்களுக்கு வெள்ளை. செவ்வாய்க்குச் சிவப்பு. புதனுக்கு நீலம். வியாழனுக்கு மஞ்சள். வெள்ளிக்குப் பச்சை. சனிக்குச் சாம்பல். மீதி இரண்டு நாளுக்கு ரோஜா, ஊதா, மயில் பச்சை ஆகியவற்றில் இரண்டு. நவராத்திரி எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அதைப் பொறுத்து வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

நவக்கிரக சன்னதியைச் சுற்றி வந்தவர்களுக்கு இதில் பாதி பழக்கப்பட்டதாகவே இருக்கும். செவ்வாய்க்குச் சிவப்பும், வியாழனுக்கு மஞ்சளும் நமக்குத் தெரிந்தவைதானே! புதனுக்குப் பச்சை என்பது நம் வழக்கம். இங்கே நீலம். அதனால் யாருக்கும் தோஷம் வந்துவிடப் போவதில்லை.

ஒரே அமாவாசை, பல பண்டிகை

இந்த வழக்கம் மும்பையில் வேர் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் தமிழர் வீட்டில் கொலு வைக்கிறார்கள். அதே நாளில் மராத்தியர் வீட்டில் கலசம் நிறுத்தி, மண்ணில் தானியம் விதைத்து முளைக்க வைக்கிறார்கள். குஜராத்திகள் அன்று இரவு கர்பா ஆட்டம் தொடங்குகிறார்கள். சில நாள் கழித்து வங்காளிகளின் துர்க்கை பூஜைப் பந்தல் எழுகிறது.

நாள் ஒன்று, முறை வேறு. ஒருவர் வீட்டுப் பண்டிகைக்குள் மற்றவர் முழுதாக நுழைய முடியாது. ஆனால் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொள்ள மொழியும் வேண்டாம், சாதியும் வேண்டாம். மராத்தி சரியாகப் பேச வராத பெண்கூட அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுகிறாள்.

பெண்கள் பெட்டி

இந்தக் கொண்டாட்டத்துக்கு மேடை, ரெயில் பெட்டி.

மும்பைப் பெண்களுக்கு ரெயில் வெறும் வாகனம் அல்ல. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டில் மாமியார், கணவர், பிள்ளைகள். அலுவலகத்தில் மேலதிகாரி. இரண்டுக்கும் நடுவே அவளுக்கென்று இருக்கும் ஒரு மணி நேரம், அந்தப் பெட்டிதான். அங்கே நின்றுகொண்டே காய் நறுக்குகிறார்கள். கம்மல், வளையல், கிளிப் வாங்குகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அழ வேண்டியதை அழுதும் முடித்துவிடுகிறார்கள்.

1992-ஆம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, மேற்கு ரெயில்வே சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே பெண்களுக்கு மட்டுமான ரெயிலை ஓட்டத் தொடங்கியது. ஒரு முழு ரெயிலையே பெண்களுக்கு விட வேண்டிய அளவுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

நவராத்திரி நாட்களில் அந்தப் பெட்டிகளில் பாட்டு கேட்கும். இடம் கிடைத்தால் இரண்டு சுற்று கர்பாவும் நடக்கும். தசரா நெருங்கும்போது மாவிலையும் சாமந்திப்பூவும் கட்டிப் பெட்டியை அலங்கரிப்பார்கள். தினமும் தங்களைச் சுமக்கும் ரெயிலுக்கு அவர்கள் செய்யும் ஆயுத பூஜை அது.

இறங்கும்போது "அக்கா, நாளைக்குச் சிவப்பு, மறந்துடாதீங்க!" என்று ஒருத்தி நினைவூட்டுவாள். அக்கா தமிழாக இருப்பாள். சொன்னவள் ரத்தினகிரிக்காரியாக இருப்பாள். ஆனாலும் 'அக்கா' என்ற சொல்லை அவள் இவளிடமிருந்தே கற்றிருப்பாள்.

சிவப்புக் கட்டிய செவ்வாய்க்கிழமை

"இதெல்லாம் வெறும் பகட்டு" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் தாராவியில் ஒரு சாலில் குடியிருக்கும் பெண்ணின் கதையைக் கேட்க வேண்டும்.

அவர் நெல்லைச் சீமையில் பிறந்தவர். ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை. முப்பத்தைந்து வயதில் கணவரை இழந்தார். அதற்குப் பின் வெளிறிய சேலை தவிர வேறு கட்டியதில்லை. கட்டாதே என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் அல்லவா?

ஒரு நவராத்திரித் திங்கட்கிழமை, நிறம் வெள்ளை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் வெள்ளை. அன்று அவர் எல்லோரையும்போல இருந்தார். யார் சுமங்கலி, யார் விதவை என்று சேலையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சிவப்பு. தன்னிடம் இல்லை என்றார். உடன் வேலை செய்யும் நர்ஸ் தன்னுடைய சேலையைக் கொண்டுவந்து, உடை மாற்றும் அறையில் வைத்துக் கட்டிவிட்டார். கூட்டத்தோடு படமும் எடுத்தார்கள்.

மாலையில் சேலையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினார். ஆனால் படம் மகளின் செல்போனுக்கு முன்பே வந்துவிட்டது. மகள் அதைப் பாட்டியிடம் காட்டிவிட்டாள். மாமியார் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை கட்டிக்கிட்டே வா" என்றார்.

ஒரு நிறத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. 'நானாக ஆசைப்பட்டுக் கட்டவில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் இதுதான்' என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. காரணம் கிடைத்ததும் பயம் போயிற்று.

ஒன்பது சேலைக்கு எவ்வளவு?

இதற்கு மறுபக்கமும் உண்டு.

ஒரு சேலை 500 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்பதுக்கு 4,500 ரூபாய். அதற்கு 'மேட்சிங் சென்டர்' கடையில் ஜாக்கெட் துணி, தையல் கூலி, சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கும் 'பீகோ' கூலி, வளையல், பொட்டு. கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மாத மளிகைக்கு ஈடாகிவிடும். பின்னாலேயே தீபாவளி வேறு வருகிறது. தாதர் இந்துமாதா பகுதியில் சேலைக் கடைக்குள் நுழைந்துவிட்டால், ஒன்றோடு வெளியே வருவதும் எளிதல்ல.

'எல்லோரும் ஒன்று' என்று தொடங்கியது, 'என்னிடம் அந்த நிறம் இல்லையே' என்று ஒருத்தியைக் கூனிக் குறுக வைக்கக்கூடாது. கடன் வாங்கிச் சேலை எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோய் விடக்கூடாது.

கெட்டிக்காரப் பெண்கள் வழி கண்டிருக்கிறார்கள். நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே பீரோவைத் திறந்து நிறவாரியாக அடுக்குகிறார்கள். கல்யாணத்தில் வந்த சேலை, சீரில் வந்த சேலை என்று ஆறு நிறம் பீரோவிலேயே தேறிவிடுகிறது. மீதி மூன்றைத் தோழிகளிடம் மாற்றிக்கொள்கிறார்கள். சாம்பல் நிறம் பலரிடம் இருப்பதில்லை. அதற்கு ஒரு துப்பட்டாவோ, கைக்குட்டையோ போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்த ஒன்பது நாளில் சம்பாதிக்கிறவர்களும் பெண்கள்தான். சாலில் ஒற்றை அறை வீட்டின் வாசலில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, இரவு பன்னிரண்டு வரை ஜாக்கெட் தைக்கும் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு மஞ்சளும் பச்சையும் உடுத்தும் நிறம் அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அடுத்த ஆண்டு வாங்கப்போகும் மோட்டார் வைத்த மெஷின்.

பீரோவின் அடியில் இருப்பது

பீரோவில் சேலைக்கு அடியில் இன்னொன்றையும் பல பெண்கள் மடித்து வைத்திருக்கிறார்கள். அது நிறைவேறாத ஆசை. பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும். சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டும். வீணை கற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று.

"இனிமேல் எங்கே?" என்று அதை மூடி வைக்கிறார்கள். ஆனால் இதே மண்ணில் பெண்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, கிர்காவ் பகுதியில் ஒரு கட்டிடத்து மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல், கடனாக வாங்கிய 80 ரூபாய். அதுதான் 'லிஜ்ஜத்' அப்பளம். இன்று பல்லாயிரம் பெண்களுக்கு அது பிழைப்பு. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாதாராவில் பிறந்த சுரேகா யாதவ் 1989-ல் ரெயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் ரெயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்றார். மும்பையில் பெண்கள் சிறப்பு ரெயிலை ஓட்டினார். 2011-ல் மகளிர் தினத்தன்று புனேயிலிருந்து 'டெக்கான் குயின்' ரெயிலை ஓட்டி வந்தார். 2023-ல் 'வந்தே பாரத்' ரெயிலையும் ஓட்டினார். 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றார்.

படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி மூடிவிடவில்லை. தோண்டோ கேசவ கார்வே 1916-ல் பெண்களுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம், எஸ்.என்.டி.டி. என்ற பெயரில் மும்பையில் இயங்குகிறது. தபால் வழியில் படிக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் '17-ஆம் எண் படிவம்' கொடுத்துத் தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவுப் பள்ளிகளும் இருக்கின்றன.

சிவப்புச் சேலை கட்டிய அந்த ஆயா எட்டாவதோடு நின்றவர். மகள் இப்போது அவருக்கு அந்தப் படிவத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

பத்தாம் நாளுக்கு நிறம் இல்லை

ஒன்பது நாளுக்குப் பட்டியல் இருக்கிறது. அடுத்து வரும் விஜயதசமிக்குப் பட்டியல் கிடையாது. அன்று எந்த நிறமும் கட்டலாம்.

அந்த நாளுக்கு நம் வழக்கத்தில் ஒரு பெருமை உண்டு. முதல் நாள் சரஸ்வதி முன் அடுக்கி வைத்த புத்தகத்தை அன்றுதான் எடுத்துப் படிக்கிறோம். பிள்ளைகளை அன்றுதான் அரிச்சுவடியில் கைவைக்கச் செய்கிறோம். அன்று தொடங்கியது நிலைக்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை.

பிள்ளைக்குத்தான் அட்சராப்பியாசமா? அம்மாவுக்குக் கூடாதா?

தையல் வகுப்பில் பெயர் கொடுப்பதற்கும், தபால் ஆபீசில் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிச் சேலைக்காக வைத்திருந்த பணத்தில் 500 ரூபாயைப் போடுவதற்கும், பரீட்சைப் படிவத்தைப் பூர்த்தி செய்வதற்கும் அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கணவன்மார்கள் அன்று ஒரு வேளை சமைத்துக் கொடுத்தாலே போதும். அதுவே பெரிய உதவி.

ஒன்பது நாளும் ஊரோடு சேர்ந்து ஊருக்கான நிறத்தை உடுத்தட்டும். பத்தாம் நாள் தனக்குப் பிடித்த நிறத்தை உடுத்திக்கொண்டு, தனக்குப் பிடித்த காரியத்தைத் தொடங்கட்டும்.