விதைக்கும் ஊர் உண்டு

ஒரு மர விதைக்காக டென்மார்க்காரர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். ஜார்ஜியாவுக்கு. (அமெரிக்காவில் இருப்பது இல்லை சார், இது காகசஸ் மலை ஜார்ஜியா.) அங்கே ராச்சா பகுதியில் அம்ப்ரொலாவுரி என்று ஒரு சின்ன ஊர். டிசம்பரில் ஐரோப்பிய வீடுகளில் ஜோடித்து நிற்கிற கிறிஸ்துமஸ் மரங்களில் ஏராளமானவற்றுக்கு இந்த ஊர்க் காடுதான் பூர்வீகம். மரத்தின் பெயர் நார்ட்மன் ஃபிர்.

இதே ஜாதி மரம் துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் வளர்கிறதே, ஏன் இந்த ஊர்? ஜாதி ஒன்றுதான், ஆனால் மலைக்கு மலை குணம் மாறும். ஒரு காட்டு மரம் வசந்தம் எட்டிப் பார்த்ததுமே அவசரக்குடுக்கையாகத் துளிர்த்து, பின்பனியில் கருகிப் போகும். இன்னொன்று நிதானமாகக் காத்திருந்து துளிர்க்கும். வெட்டி வீட்டுக்குள் வைத்தபின் ஊசியிலை கொட்டுமா கொட்டாதா என்பதுகூடப் பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. பல ஊர் விதைகளை டென்மார்க்கில் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, வருஷக்கணக்கில் அளந்து பார்த்ததில் அம்ப்ரொலாவுரி நல்ல பெயர் வாங்கியது.

2 மீட்டர் மரமாக 8 முதல் 10 வருஷம் ஆகும். இன்று தப்பான விதை வாங்கினால், பத்து வருஷம் கழித்துத்தான் நஷ்டக் கணக்கே எழுத முடியும்! பி.காம். படித்த எனக்கு நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

விதை எடுப்பதுதான் வில்லங்கம். பைன் மரம் காயை முழுசாகக் கீழே போடும். ஃபிர் போடாது. உச்சாணிக் கிளையில் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கிற காய், முற்றியதும் அங்கேயே பொடிந்து, விதை காற்றோடு போய்விடும். அதனால் அதற்கு முன்பே, செப்டம்பர் வாக்கில், ஆள் ஏறியாக வேண்டும். 30 மீட்டர், அதாவது பத்து மாடி! கயிறு, பெல்ட் எதுவும் இல்லாமல் ஏறியவர்கள் ஏராளம். விழுந்து செத்தவர்களும் உண்டு. பயிற்சியும் இன்ஷூரன்ஸும் கொடுத்து ஏற்றுகிற ஆட்கள் பிறகுதான் வந்தார்கள். கடையில் மரம் விற்கிற விலையில் ஏறியவன் பங்கு என்ன என்று கேட்டால், சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இப்படி உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த விதை எல்லாம் முளைக்குமா? ஊஹூம். கணிசமானது பதர். வெளியே கும்மென்று இருக்கும், உள்ளே காலி. நல்ல விதைக்கும் உபசாரம் வேண்டும். ஈரத்தோடு சில வாரம் குளிரில் கிடந்து, 'சரி, குளிர்காலம் போயாச்சு' என்று நம்பினால்தான் கண் திறக்கும். விதைத் தோலில் பிசின் பைகள் வேறு. முரட்டுத்தனமாகக் கையாண்டு அவை உடைந்தால் முளைப்பு குறைந்துவிடும்.

பதர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இத்தாலியின் சிசிலித் தீவைப் பாருங்கள். அங்கே மதோனியே மலையில் நெப்ரோடி ஃபிர் என்று ஓர் இனம். 1900 வாக்கில் அழிந்தே போச்சு என்று கைவிட்டார்கள். 1957-ல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். காட்டில் வளர்ந்த மரங்கள் மொத்தம் சுமார் 30 தான். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பக்கத்தில் துணை இல்லாததால் ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் காயில் விழுகிறது. அத்தை மகன், மாமன் மகள்கூட இல்லை, தனக்குத்தானே தாலி! விதையில் பெரும்பகுதி காலி.

இப்போது விஞ்ஞானிகள் தரகர் வேலை பார்க்கிறார்கள். ஒரு மரத்து மகரந்தத்தை எடுத்துப் போய் இன்னொரு மரத்தில் சேர்க்கிறார்கள். முளைத்த கன்றுகளுக்கு மரபணுச் சோதனை செய்து, அப்பா வேறு மரம்தான் என்று உறுதியானவற்றை மலையில் நடுவதற்காகத் தனியே வளர்க்கிறார்கள்.