பழைய சொற்களைத் தேடி ஒரு பனிக்கால விளையாட்டு

‘ஜியோகேஷிங்’ என்ற பெயரை நம் சங்க அன்பர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ‘ஜியோ’ என்றால் பூமி; ‘கேஷ்’ என்பது ஒளித்து வைத்த பொருள். ஒருவர் ஒளிக்க, முன்பின் அறியாத மற்றவர்கள் தேடும் புதையல் விளையாட்டு இது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது பேரனுடன் சேர்ந்து நானும் ஆடினேன்.

இதன் பிறந்த நாள் கூடத் தெரியும். 2000 மே 2 அன்று, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் பத்து, இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

விதிகள் எளியவை. பெட்டியைக் கண்டதும் உள்ளே இருக்கும் சிறு ஏட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பொம்மை ஏதாவது எடுத்தால் சமமான ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்துவிடும். இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் தூரம் வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியும் அவசியம்.

குளிர்காலத்தில் ஆட்டம் கடினம். பனி எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் பெட்டியைத் தரையில் வைக்காமல் மரத்தில் கட்டுவார்கள். பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான் துணை. கைபேசியின் மின்கலமும் குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நாங்கள் ஆடியது ஒரு தொடர். ஒவ்வொரு பெட்டிக்கும் வழக்கொழிந்த ஆங்கிலக் கொச்சைச் சொல் ஒன்றே பெயர். 1920களில் ‘மிகச் சிறந்தது’ என்பதற்கு ‘பீஸ் நீஸ்’, அதாவது தேனீயின் முழங்கால் என்பார்களாம். அந்தப் பெட்டி முழங்கால் உயரத்துப் பொந்தில் இருந்தது! அதே பொருளில் வழங்கிய ‘பூனையின் பைஜாமா’ பெட்டிக்குக் கோடு போட்ட துணி உறை. பைஜாமா நம் ஹிந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்று பேரனுக்குச் சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். ‘க்ரூவி’ என்பது ஜாஸ் இசைக்காரர்களிடம் பிறந்து 1960களில் இளைஞர் வாயில் புரண்ட சொல். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஓர் எண் இருக்கும். எல்லா எண்களையும் சேர்த்தால்தான் கடைசிப் பெட்டியின் இடம் தெரியும். சொல்லின் பொருள் தெரியாத பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்டாக வேண்டும். தொடரின் சூட்சுமமே அதுதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. கொச்சைச் சொற்கள் பாடப் புத்தகத்தில் ஏறுவதில்லை, பேசுகிறவர்களோடு போய்விடுகின்றன. ஊரை விட்டு வந்த நாமோ, புறப்பட்ட வருஷத்துப் பேச்சையே இங்கே வைத்துக்கொண்டிருக்கிறோம். ‘பேஜார்’, ‘ஜோர்’, ‘பேஷ்’, ‘உஷார்’ எல்லாம் நம் தாத்தா பாட்டிகள் வாயில் இன்னும் இருக்கின்றன. தில்லியில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறலாம். ஆனால் ஹிந்தி தெரிந்த பிள்ளை ‘பேஜா’ரில் ‘பேஸா’ரையும், ‘உஷா’ரில் ‘ஹோஷியா’ரையும் தானே கண்டுபிடித்துவிடும். நுழைய ஒரு வாசல் கிடைத்த மாதிரி.

தில்லியில் பூங்காக்களில் பெட்டி வைப்பது சரிப்படாது. கேட்பாரற்ற பொருளைக் கண்டால் தொடாதே, போலீசுக்குச் சொல் என்று பழகிய ஊர் இது. ஆனால் நம் சங்கக் கட்டடத்துக்குள் பொங்கல் விழாவன்று தாராளமாக நடத்தலாம். குடும்பத்துக்கு ஒரு பழைய சொல். தீப்பெட்டியில் அந்தச் சொல்லும் ஓர் எண்ணும். பொருள் சொல்லப் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும். செலவு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் இன்னும் புழங்கும் சொல் எது என்று இப்போதே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.