மணிக்கூடு வாங்க முன் கையைப் பாருங்கள்

2009இல் என் மாமா இடக்கையை இழந்தார். அண்மையில் மகளின் கலியாணத்துக்குக் கட்ட அவருக்கு ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுத்தேன். மெல்லியது, கறுப்புத் தோல் பட்டி. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவாயிருக்கு தம்பி. ஆனா இதைக் கட்டிவிட ஒரு ஆள் வேணுமே" என்றார்.

அதற்குப் பிறகுதான் மணிக்கூடுகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

மணிக்கூட்டின் தடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் இயந்திரம். பற்றரியில் ஓடும் குவார்ட்ஸ் மணிக்கூடுகள் 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்பிலேயே கிடைக்கின்றன. ஓட்டோமற்றிக்கில், கை அசையும்போது சுழன்று சுருளை முறுக்கும் ஒரு தகடு மேலதிகமாக உண்டு. அதனால் 11 மில்லிமீற்றர் அளவில் இருப்பது வழமை. நீரின் அழுத்தத்தைத் தாங்கும் சுழியோடிகளின் மணிக்கூடுகள் 13 மில்லிமீற்றரையும் தாண்டும். சாவி கொடுக்கும் மணிக்கூடு மெல்லியதாக இருக்கலாம். பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றரி வராத காலத்தில் அது கைகொடுத்தது. ஆனால் சாவி முறுக்க மற்றக் கை வேண்டும்.

கலியாணவீடு, நேர்முகத் தேர்வு என்று முழுக்கைச் சேட் போடும் இடங்களுக்கு 8 மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. தடித்தது கைமடிப்பில் சிக்கும். தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்பவர்களுக்குப் பாரமில்லாத பிளாஸ்ரிக் மணிக்கூடு வசதி. 1989இல் வந்த கசியோ எஃப்-91டபிள்யூ 8.5 மில்லிமீற்றர் தடிப்பு, 21 கிராம் நிறை. மெல்லிய மணிக்கட்டு உள்ளவர்கள், பட்டி பொருந்தும் முனைகள் கையின் ஓரத்தைத் தாண்டி நீளாததைத் தெரிவுசெய்யலாம். பார்வை குறைந்தவர்களுக்கு வெள்ளை முகப்பும் பெரிய கறுப்பு எண்களும் உதவும்.

ஒரு கையோடு வாழ்பவர்களுக்குத் தடிப்பை விடப் பட்டிதான் முக்கியம். கொளுக்கி போடும் தோல் பட்டி உதவாது. இழுத்தால் விரியும் ஸ்பிரிங் செயின் என்றால், மணிக்கூட்டை மேசையில் நிறுத்தி விரல்களை நுழைத்துத் தாங்களே போடலாம். மெல்லியதாக இருந்தால், சிக்கிய சேட்டை இழுத்துவிடவும் ஆள் தேட வேண்டாம்.

நான் வாங்கிய மணிக்கூட்டை மாற்றவில்லை. கடையில் கொடுத்துப் பட்டியை மட்டும் மாற்றினேன்.

கலியாணத்தன்று விடிய மாமா மேசையடியில் நின்று, வலக்கையை நுழைத்து, ஒரு தடவை உதறிச் சரிசெய்தார். பிறகு நேரம் பார்த்து எங்களை அவசரப்படுத்தத் தொடங்கினார்.